முப்பத்தொரு நாள் கடலை

ஒக்ரோபர் மாதம் முழுக்க எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு அவித்த கடலைதான். ஐந்தாம் நாளே என் மனுசன் மரியநேசன் முகத்தைச் சுளித்தார். பத்தாம் நாள், "இஞ்சேர் யூலிற்றா, நான் ஆளோ குதிரையோ?" என்று கேட்டார். மாதாவுக்கென்று அவித்த கடலையை எறியவும் முடியாது, கோழிக்குப் போடவும் மனம் வராது. வீட்டில் இருக்கிற வாய்கள்தான் தின்று முடிக்க வேண்டும்.

விஷயம் என்னவென்றால், முல்லைத்தீவுக் கரையில், பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றுகூடிச் செபிக்கிற எங்கள் அன்பியத்தில் பதினாறு குடும்பம். ஒக்ரோபர் செபமாலை மாதம். அந்த மாதம் மாதாவின் சிலை, எங்கள் பேச்சில் சுருவம், கோயிலை விட்டு வெளிக்கிட்டு எங்கள் வீடுகளுக்கு வரும். எந்த நாள் எந்த வீடு என்பதை நாங்கள் தீர்மானிப்பதில்லை. பதினாறு பெயரையும் சீட்டில் எழுதி மடித்து ஒரு வெறும் பால்மாத் தகர ரின்னில் போட்டு வைத்திருக்கிறோம். பின்னேரம் செபமாலை முடிந்ததும் அன்றைய வீட்டுக்காரி ரின்னைக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டு எடுப்பாள். திருவுளச்சீட்டு. பெயர் வந்த வீட்டுக்கு அந்த நேரமே சுருவத்தைத் தூக்கிக்கொண்டு பாட்டோடு போவோம். அடுத்த பின்னேரம் வரைக்கும் மாதா அங்கே இருப்பா.

எடுத்த சீட்டைத் திரும்பவும் ரின்னில் போட்டுவிடுவது எங்கள் வழக்கம். வேறு அன்பியங்களில் வந்த பெயரை எடுத்து வைத்துவிடுவார்களாம். அதை எங்கள் தலைவி மதலேன் அக்காவிடம் சொல்லிப் பார்த்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். "மாதா ஒரு வீட்டுக்கு ரெண்டு தரம் போக விரும்பினா, அதை மறிக்க நீங்கள் ஆர்?" என்று கேட்பா. அதற்குமேல் ஆர் கதைப்பது?

சுருவத்தோடு வருகிற முப்பது நாற்பது பேருக்கும் வீட்டுக்காரர் கடலையும் பால் விடாத பிளேன்ரீயும் கொடுக்க வேண்டும். பெயர் வந்த பிறகு அடுப்பு மூட்ட நேரம் இல்லை. ஆகவே மாதா இன்னும் வராத வீட்டுக்காரர் ஒவ்வொரு நாளும் கடலையை ஊறப்போட்டு, பின்னேரத்துக்குள் அவித்துத் தாளித்து, சட்டியை மூடி வைத்துவிட்டுத்தான் செபமாலைக்கு வருவார்கள். ஒருமுறை வந்து போன வீட்டுக்குப் பிறகு பிஸ்கற் போதும், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

செப்ரெம்பர் கடைசி நாள் என் மருமகள் கம்சா என்னிடம் பந்தயம் கட்டினாள். மூத்தவன் றொனால்ட் கட்டிய பெண் அவள். ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிற கமக்காரக் குடும்பம், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். கெட்டிக்காரிதான். ஆனால் மீன் வெட்டச் சொன்னால் அவள் மீனைப் பார்த்து முழிப்பாள், மீன் அவளைப் பார்த்து முழிக்கும்.

"மாமி, மாதா போகாத வீடு கடைசியில எத்தினை மிஞ்சும் எண்டு நான் இப்பவே சொல்லட்டே?"

"அதென்ன போகாத வீடு? முப்பத்தொரு நாள், பதினாறு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு தரம் போக ஒரு நாள்தானே குறையுது? எல்லாருக்கும் வருவா."

அவள் சிரித்தாள். ஒரு தாளில் ஏதோ எழுதி, கடித உறையில் போட்டு ஒட்டி, அலுமாரிக்குள் வைத்தாள்.

"நான் தோத்தால் நவம்பர் முழுக்க மீன் நான் வெட்டுறன். நான் வெண்டால் நவம்பர் முழுக்க என்ர கறியைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது."

மகனும் மனுசனும் கையைத் தட்டினார்கள். ஏன் தட்டினார்கள் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். என் வாய் கொஞ்சம் பொல்லாதது. மனதில் வந்தது பல்லுக்கு அந்தப் பக்கம் நிற்காது. மூன்று வருடத்துக்கு முன்னால் என் மனுசனின் தங்கச்சி இரஞ்சிதம், மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளுக்கு ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தாள். நான் இறைச்சிக் கறியில் ஒரு வாய் வைத்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்க, "என்ன மச்சாள், நந்திக்கடல் தண்ணியிலயோ சமைச்சனி?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். இரஞ்சிதம் சிரிக்கவில்லை. "அப்ப இனி என்ர வீட்டில வாய் நனைக்க வராதையுங்கோ" என்றாள். நானும் விடுவேனா? "வந்தால் கேள்" என்று எழும்பி வந்துவிட்டேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நாலே நாலு வேலி. மூன்று வருடமாக நான் அந்தப் பக்கம் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

ஒக்ரோபர் தொடங்கியது. முதல் வாரத்திலேயே டினோஜன் வீட்டுக்கு இரண்டு தரம் மாதா போனா. டினோஜன் படகுக்குப் போகிற பொடியன். கலியாணம் இல்லை, வீடும் இன்னும் பூசி முடியவில்லை. முற்றத்தில் வலை, கதிரையில் வலை, படுக்கையிலும் வலை. இரண்டாம் தரம் பெயர் வந்தபோது அவன் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் ஒரு பாயால் எல்லாவற்றையும் மூடினான். நான் வீட்டுச் சுவருக்கு நீலத்தில் மை பூசி, சன்னலுக்குப் புதுத் திரை போட்டு, வெள்ளைத் துணி விரித்த மேசையோடு காத்திருக்கிறேன். மாதாவோ வலைக்குள்ளே போய் இருக்கிறா.

இருபதாம் திகதி போகாத வீடு நாலு. எங்கள் வீடு அதில் ஒன்று. எனக்கு அப்போதும் பயம் வரவில்லை, தெம்புதான் வந்தது.

"இத்தினை நாள் வரேல்லை. இனி வந்துதானே ஆகவேணும்? இண்டைக்குக் கட்டாயம்" என்று கடலையில் ஒரு சுண்டு கூடப் போட்டேன்.

"ரின்னுக்கு நேற்று நடந்தது ஞாபகம் இருக்காது, மாமி" என்றாள் கம்சா. "முதல் நாளும் பதினாறில ஒண்டு. இண்டைக்கும் பதினாறில ஒண்டு."

"உன்ர வாயில நல்ல சொல்லே வராதோ?" என்று நான் பாய்ந்தேன். அன்றைக்கும் வரவில்லை.

இருபத்தெட்டாம் திகதி சுஜிதன் வீட்டுப் பெயர் வந்தது. அதோடு மிஞ்சியது இரண்டு வீடு. ஒன்று என்னுடையது. மற்றது இரஞ்சிதத்தின் வீடு.

சுருவத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு மழைத் தூறலில் போகும்போது எனக்குப் பின்னால் யாரோ மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. "மச்சாளும் மச்சாளும் முகம் பாராத வீட்டுக்கு மாதா எப்பிடிப் போவா?" திரும்பி நாலு கேட்டிருப்பேன். என் வாய் எழும்பவே இல்லை. ஏனென்றால் அதே எண்ணம் ஒரு கிழமையாக என் நெஞ்சுக்குள்ளும் இருந்தது. அந்தக் கூட்டத்தில் இரஞ்சிதமும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து குசினியில் இருந்து அழுதேன். வெங்காயம் உரித்தேன் என்று சொல்லக்கூட எனக்கு அன்று வரவில்லை. மாதா என்னை வேண்டாம் என்கிறா என்று நினைத்தேன். அந்த நினைப்புத் தாங்க முடியாத நினைப்பு.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த கம்சா, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சேலையைக்கூட மாற்றாமல் குசினி மேசையில் குந்தினாள். கைப்பேசியில் கணக்குப் போடுகிற இடத்தைத் திறந்தாள்.

"ஒரு நாள் குலுக்கினால் எங்கட பெயர் வராமல் போக எத்தினை வழி, மாமி?"

"மிச்சப் பதினைஞ்சு பெயரும் இருக்குதே."

"ஓம். பதினாறில பதினைஞ்சு. ரெண்டு நாளும் வராமல் போக, அதை அதாலயே பெருக்க வேணும். முப்பத்தொரு நாளும் வராமல் போக, முப்பத்தொரு தரம். நான் அமத்துறன், நீங்கள் எண்ணுங்கோ."

நான் செபமாலையை எடுத்து மணி மணியாக எண்ணினேன். மூன்று பத்து முடிந்து ஒரு மணி தள்ளியதும் அவள் நிறுத்தினாள்.

"நூறு வீடு இருந்தால் பதின்மூண்டு, பதினாலு வீட்டுக்கு மாதம் முழுக்க வராது. பதினாறு வீட்டுக்குப் பார்த்தால் ரெண்டு வீடு. ஒரு வருஷம் ஒண்டாகும், ஒரு வருஷம் மூண்டாகும். ஆனால் மிஞ்சும்."

"அந்த ரெண்டு ஏன் நானாக இருக்க வேணும்?"

"ஆராவது இருக்கத்தானே வேணும், மாமி."

எனக்குக் கோபம் வந்தது. போனை நம்பி நான் மாதாவோடு சமாதானமாக முடியுமா? அவளுக்கும் அது விளங்கியது. எங்கள் பால்மா ரின்னை எடுத்து மிச்சப் பால்மாவை ஒரு போத்தலில் கொட்டினாள். பதினாறு பெயரையும் எழுதினாள். "இது செபமில்லை, விளையாட்டு. குலுக்கிறதும் நீங்கள், எடுக்கிறதும் நீங்கள்" என்று ரின்னை என் கையில் தந்தாள்.

விளையாட்டின் முதல் ஒக்ரோபர். நான் குலுக்கி எடுத்து வாசிக்க, அவள் பெயருக்கு நேரே கோடு போட்டாள். ஒன்பதாம் நாள் எங்கள் பெயர் வந்தது. விளையாட்டு என்று தெரிந்தும் கத்திவிட்டேன். வலைக் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த மனுசன் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். மாதம் முடிந்தபோது எங்கள் வீட்டுக்கு நாலு தரம். போகாத வீடு இரண்டு, அதில் ஒன்று மதலேன் அக்காவின் வீடு!

"மதலேன் அக்கா என்ன பாவம் செய்தவ?" என்று கம்சா முகத்தை நீட்டிக்கொண்டு கேட்டாள்.

"அவ எறும்பைக்கூட மிதிக்க மாட்டா!"

"அப்ப ஏன் விட்டனீங்கள்?"

"நான் எங்கை விட்டன்? கைக்கு வரேல்லை." சொல்லிவிட்டு நானே வாயைப் பொத்திக்கொண்டேன்.

நாங்கள் ஐந்து ஒக்ரோபர் விளையாடினோம். மனுசனும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார், வலை அப்படியே கிடந்தது. இரண்டாம் தரம் மிஞ்சியது மூன்று வீடு. பிறகு ஒன்று. பிறகு இரண்டு. பிறகு திரும்பவும் மூன்று. ஒவ்வொரு தரமும் வேறு வேறு வீடு. ஒன்றில் டினோஜனே மிஞ்சினான். கடைசி விளையாட்டில் நாங்கள் மிஞ்சினோம். அதை எடுத்ததும் என் கைதான். என் வீட்டின்மேல் எனக்கே என்ன கோபம்?

நெஞ்சில் கிடந்த கல் அந்த மேசையிலேயே கழன்று விழுந்தது. அன்று மாதாவிடம், "பெயர் வந்தால் வாங்கோ, வராட்டி அடுத்த வருஷம் பார்ப்பம்" என்று செபித்தேன். நல்ல நித்திரை வந்தது. காலையில் கடலை ருசியாகக்கூட இருந்தது. மனுசன்தான், "எனக்குப் பசியில்லை" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மாதம் முழுக்க அவருக்குக் காலையில் பசி இருந்ததில்லை. விளையாடிய ரின்னையும் காணவில்லை. "அதுக்குள்ள ஆணி போட்டு வைச்சிருக்கிறன்" என்றார்.

பயம் போன பிறகுதான் எனக்குக் கண் தெரிந்தது. முப்பதாம் திகதி செபமாலையில் மதலேன் அக்கா சீட்டை விரித்தபோது நான் இரஞ்சிதத்தைப் பார்த்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தேன். அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். வேறு பெயரை வாசித்ததும் தலையைக் குனிந்தாள். எனக்குக் கணக்குச் சொல்ல வீட்டில் மருமகள் இருக்கிறாள். அவளுக்கு ஆர் சொல்வது? போய் இரண்டு வார்த்தை சொல்லத்தான் கால் எழும்பியது. என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். பொல்லாத வாய் தேவைப்பட்ட நேரத்தில் அடைத்துப்போய்க் கிடந்தது.

முப்பத்தோராம் திகதி. கடைசிச் சீட்டு. மழை விட்டு விட்டுப் பெய்தது. கூட்டம் முழுக்க என்னைப் பார்ப்பதும் இரஞ்சிதத்தைப் பார்ப்பதுமாக இருந்தது. அன்றைக்கு மாதா சுஜிதன் வீட்டில் இரண்டாம் தரம். சுஜிதன் பெண்சாதி ரின்னைக் குலுக்கிச் சீட்டை எடுத்து மதலேன் அக்காவிடம் கொடுத்தாள். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சீட்டை விரித்தா. உதடு துடித்தது.

"டினோஜன்."

ஐந்தாம் தரம்!

"ஐயோ மாதாவே!" என்று டினோஜன் தலையில் கையை வைத்தான். "என்ர வீட்டில பிஸ்கற்றும் இல்லை, தேத்தண்ணிக்குச் சீனியும் இல்லை! நேற்றுத்தான் எல்லாம் முடிஞ்சுது!"

முதலில் மதலேன் அக்காதான் சிரித்தா. பிறகு முற்றமே சிரித்தது. செபமாலை மாதத்தில் அப்படி ஒரு சிரிப்பு எங்கள் ஊரில் கேட்டதில்லை. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கத்தான் நினைவு வந்தது, என் குசினியில் ஒரு சட்டி கடலை மூடியபடி இருக்கிறது. நாற்பது பேருக்குத் தாராளமாகக் காணும்.

"நீங்கள் சுருவத்தோட மெல்ல வாங்கோ" என்று கம்சாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். என் வயதுக்கு அதை ஓட்டம் என்று சொல்லலாமோ தெரியாது. சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி டினோஜன் வீட்டு வேலிப் படலைக்கு வந்தேன். மறுபக்கத்தால் இன்னொருத்தி மூச்சிரைக்க வந்தாள். அவள் கையிலும் ஒரு சட்டி. இரஞ்சிதம்.

இரண்டு பேரும் படலையில் நின்றோம். அவள் என் சட்டியைப் பார்த்தாள். நான் அவள் சட்டியைப் பார்த்தேன்.

"நீங்களும் கடலையோ, மச்சாள்?" என்றாள்.

"முப்பத்தொரு நாளாக் கடலை."

"எங்கட வீட்டிலயும்தான். பிள்ளையள் என்னோட கதைக்கிறேல்லை."

நேற்று அடைத்துக் கிடந்தது இப்போது பொத்துக்கொண்டு வந்தது. "இரஞ்சிதம், மாதாவுக்கு எங்களோட கோபம் எண்டு நினையாதை. அது..."

"கணக்கு" என்றாள் அவள். "பதினாறில ரெண்டு வீடு மிஞ்சும். அண்ணா இண்டைக்குக் காலமை ரின்னோட வந்து குலுக்கிக் காட்டினவர். ஒண்டும் விளங்கேல்லை. ஆனால் ரெண்டாம் விளையாட்டில எங்கட வீட்டுக்கு மூண்டு தரம் வந்தது."

சுருவத்தோடு வந்த கூட்டம் படலையை நெருங்கியிருந்தது. நான் மனுசனைத் தேடினேன். அவர் சுருவத்துக்குப் பிடித்த குடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"ஆணி போட்டு வைச்ச ரின்னோ?"

"அண்ணா ஒவ்வொரு நாளும் காலமை வாறவர்தானே" என்றாள் இரஞ்சிதம். "எங்கட கடலையைத் திண்டு முடிக்கிறதே அவர்தான்."

பசியில்லாத மனுசன்! மூன்று வருடமாக நான் பாராத வீட்டுக்கு நாள் தவறாமல் போய் வந்திருக்கிறார். அந்த நேரம் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கடலையும் தின்று இந்தக் கடலையையும் பார்த்து முழித்த அந்த முகத்தை நினைக்க, எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரஞ்சிதமும் அப்படித்தான் நின்றாள். மாதா கோவிக்கிறா என்ற பயம் எங்களை ஒருத்தரிடம் ஒருத்தர் கொண்டு வரவில்லை. அந்தப் பயம் இரண்டு பேருக்கும் முன்னமே போய்விட்டது. சும்மாதான் வந்தோம். அதுதான் எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.

டினோஜன் வலைகளைப் பாயால் மூடினான். மாதாவை ஒரு மீன் பெட்டிக்குமேல் வெள்ளைத் துணி விரித்து இருத்தினோம். துணி என்னுடையது, வருகிற வழியில் கம்சா எங்கள் மேசையிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தாள். கைப்பையில் கடித உறையும் கொண்டு வந்திருந்தாள். அதை மதலேன் அக்காவே பிரித்து வாசித்தா.

"மாதா போகாத வீடு இரண்டு. ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். ஏதோ ஒரு வீட்டுக்கு நாலு தரம் அல்லது அதற்கு மேல்."

எல்லாரும் டினோஜனைப் பார்த்தார்கள். அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப அடுத்த வருஷமும் ரெண்டு வீடு மிஞ்சுமோ, பிள்ளை?" என்று கேட்டா. "ஓம் அக்கா, கிட்டத்தட்ட" என்றாள் கம்சா. அக்கா தாளை மடித்தா. "அப்ப மிஞ்சிற வீட்டுக்காரர் கடலையைக் கொண்டு வரட்டும்" என்றா. அன்றிலிருந்து அது எங்கள் அன்பியத்தில் சட்டம்.

நவம்பருக்கு இன்னும் ஐந்து மணித்தியாலம் இருந்தது. பந்தயமும் கம்சாவின் கறிக்கு மட்டும்தான், என் வாயைக் கட்ட ஒன்றும் இல்லை. இரஞ்சிதம் தன் சட்டியைத் திறந்து, முதல் அகப்பையை என் கையில் போட்டாள். நாற்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். மனுசன் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். நான் வாயில் போட்டு மென்றேன்.

"உப்புக் காணுமோ, மச்சாள்?" என்று இரஞ்சிதம் கேட்டாள். அகப்பை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

மாதாவுக்கு முன்னால் பொய் சொல்லக்கூடாது என்று எனக்குத் தெரியும். மாதா கோவிக்க மாட்டா என்றும் தெரியும்.

"அளவு" என்றேன். "இன்னும் ஒரு அகப்பை போடு."